முத்திரை ஏறிய சிங்கங்கள்

இரும்புலியூரில் ஒரு மனை வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து, பலமுறை நடந்து பட்டாவும் பெற்றுக்கொண்ட ஒரு குடும்பத்தலைவர் அவ்விரு காகிதங்களையும் அருகருகே விரித்து நோக்குவாராயின், முத்திரைத்தாளின் தலையில் மூன்று சிங்கமுகங்களையும், பட்டாவின் தலையில் அதே சிங்கங்களுக்குப் பின்னே ஓங்கி நிற்கும் கோபுரத்தையும் காண்பார். முன்னது பாரத தேசத்தின் சின்னம். பின்னது தமிழ்நாட்டரசின் சின்னம். இவ்விரண்டிலும் கேடயம் இல்லை, வாள் இல்லை, கிரீடமும் இல்லை என்பது கருதத்தக்கது. ஐரோப்பிய ராஜ்யங்களின் சின்னங்கள் பெரும்பாலும், கவசத்துள் முகம் மறைந்த வீரனை அடையாளம் கண்டுகொள்ளும்பொருட்டு அவன் கேடயத்தில் தீட்டிய குலக்குறியிலிருந்து பிறந்தவை. நம் நாட்டு அரசச் சின்னமோ போர்க்களத்துக் கொடியில் பறந்ததேயாயினும், அது நமக்கு இன்றளவும் எஞ்சிக் கிடைத்திருப்பது பெரும்பாலும் சாசனங்களைக் கோத்த வளையத்தின் முத்திரையிலும் நாணயத்திலுந்தான்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. இரும்புலியூரை அடுத்த தாம்பரத்துக்கு வடக்கே, குரோம்பேட்டையைக் கடந்தால் வருவது பல்லாவரம். அங்கே 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குன்றைக் குடைந்து எடுப்பித்த குடைவரை, பிற்காலத்தில் இஸ்லாமியர் வழிபடும் தர்காவாக விளங்கலாயிற்று. அம்மன்னன் தன் விருதுப்பெயர்களை அங்கே கல்லில் வெட்டுவித்திருக்கிறான். அவன் குலத்தின் இலச்சினை ரிஷபம். பல்லவர் செப்பேட்டு முத்திரைகளிலும் காசுகளிலும் அக்காளையைக் காணலாம்.

சோழர் காலத்தில் இம்முத்திரைக்கலை முதிர்ச்சி எய்தியது. 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்கள் கொண்டவை. அவ்விதழ்களில் துளையிட்டு, அவற்றினூடே ஒரு வளையத்தைச் செலுத்தி, வளையத்தின் இரு முனைகளையும் முத்திரையோடு பிணைத்துவிடுவது அக்கால வழக்கம். இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ எண்ணுபவன் வளையத்தை அறுத்தாலன்றி இயலாது; அறுத்தால் அறுத்த தழும்பே அவனைக் காட்டிக்கொடுக்கும். முதலாம் ராஜேந்திரனுடைய அம்முத்திரையிலே புலி அமர்ந்திருக்கிறது. அதன் அருகில் இரண்டு கயல்கள், கீழே வில், மேலே வெண்குடையும் சாமரங்களும், விளிம்பைச் சுற்றிலும் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகம். கயல் பாண்டியனுடையது, வில் சேரனுடையது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. தோற்ற மன்னரின் குறியை அழித்துவிடாமல், தன் புலியின் பக்கத்திலேயே அதற்கும் இடங்கொடுத்து, அவ்விடங்கொடுத்தலையே தன் வெற்றிக்குச் சாட்சியாக நிறுத்திக்கொண்ட அச்சோழனின் சாதுரியத்தை நான் வியக்கிறேன். அது பெருந்தன்மையா, பெருமிதமா என்று கேட்பார்க்கு, இரண்டும் என்றே விடை கூறுவேன்.

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கிடைத்த அதே 1905-இல்தான், காசிக்கு அணித்தான சாரநாத்தில் ஓர்ட்டெல் என்பவர் நடத்திய அகழாய்வில், சுனார்க் கல்லில் கண்ணாடிபோல் மெருகேற்றிய அசோகனின் தூண்தலை மண்ணிலிருந்து வெளிவந்தது. முதுகோடு முதுகு பொருந்திய நான்கு சிங்கங்கள். அவற்றின் அடியில் வட்டப் பலகை. அதில் யானை, குதிரை, காளை, சிங்கம் ஆகிய நான்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு தருமசக்கரமும். 1950 ஜனவரி 26-ஆம் நாள் இத்தூண்தலை தேசச் சின்னமானபொழுது, அடியிலிருந்த கவிழ்ந்த தாமரை விடப்பட்டது. நான்கு சிங்கங்களில் ஒன்று பின்னே மறைந்தது. பலகையில் நடுவே சக்கரமும், வலப்பக்கம் காளையும், இடப்பக்கம் குதிரையுமே தெரிகின்றன. முண்டக உபநிஷதத்தின் வாசகமாகிய ‘சத்யமேவ ஜயதே’ தேவநாகரியில் அதன்கீழ் அமைந்தது. பௌத்தனான ஒரு சக்கரவர்த்தியின் தூணும் வைதிக நூலொன்றின் வாக்கும் ஒரே சின்னத்தில் பொருந்தியது எவருக்கும் உறுத்தவில்லை. பல்லவரின் ரிஷபத்தை அறிந்த நம்மவர்க்கு அப்பலகைக் காளையும் அந்நியமன்று.

தமிழ்நாட்டுச் சின்னத்தை 1949-இல் வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். சிங்கத் தூண்தலை முன்னே நிற்க, இருமருங்கும் தேசியக்கொடி விளங்க, பின்னே கோபுரம் எழுகிறது. அக்கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்பது ஊரறிந்த பேச்சு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக்கோபுரமே என்று வாதிடுவோரும் உளர். இரு ஊராரும் இவ்விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் காணோம். அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த காலத்தில் கீழிருந்த வாசகம் ‘வாய்மையே வெல்லும்’ என்றாயிற்று. சோழன் தன் புலிக்குப் பக்கத்தில் பிறர் குறியை வைத்தான்; இங்கோ மாநிலம் தன் கோபுரத்துக்கு முன்னே தேசத்தின் சிங்கங்களுக்கு இடங்கொடுத்திருக்கிறது. அமைப்பு முறை ஒன்றே. ஆனால் இங்கே வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.

சின்னம் முத்திரையின் வழித்தோன்றலே என்பதை இக்காலச் சட்டமும் மறக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் சட்டப்படி, உரிமையில்லாதவர் அரசோடு தொடர்புடையவர்போலத் தோன்றும்படி தேசச் சின்னத்தை எடுத்தாளுதல் குற்றம். இரண்டாண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தாம்பரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் விரையும் கார்களில், முன்னாள் பதவியை மறக்கமாட்டாத சிலருடையவை இன்னும் அச்சிங்கங்களைத் தாங்கியே செல்லுமாயின், அது வளையத்தை அறுத்து ஏடு செருகிய பழைய குற்றத்தின் புதிய வடிவமேயாகும்.