மீன் பேன் கணக்கு

பிரெஞ்சில் பேனுக்கு ‘பூ’ என்று பெயர். பள்ளியில் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் நாங்கள். இது மீன் மேல் ஒட்டும் பேனின் கதை.

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்குப் பக்கத்தில் பிராட்டன் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்த்தார்கள். மீனின் தோலையும் சளியையும் தின்று வாழும் ஒட்டுண்ணி கடல் பேன். பெரிய மீன் தாங்கிக்கொள்ளும். ஒரு கிராம்கூட எடையில்லாத குஞ்சுக்கு ஒன்றிரண்டு பேனே ஆபத்து.

இதற்கு இயற்கையிலேயே ஒரு காப்பு இருந்தது. வசந்தத்தில் பிங்க் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு வரும்போது, பேன் சுமக்கும் பெரிய மீன்கள் பெரும்பாலும் தூரக் கடலில் இருக்கும். பண்ணைகள் வந்தபின், கூண்டு மீன்கள் குளிர்காலம் முழுவதும் பேனோடு கரையருகிலேயே இருந்தன. 2001-ல் குஞ்சுகள் மேல் பேன் மொய்ப்பதை அலெக்சாண்ட்ரா மார்ட்டன் என்ற பெண்மணி கவனித்தார்.

பேன் எங்கிருந்து வந்தது? மார்ட்டின் கிர்கோசெக், கணித அறிஞர் மார்க் லூயிஸ் முதலியோர் குஞ்சுகள் போகும் வழி நெடுகப் பிடித்து, பேனை எண்ணினார்கள். பேனின் பருவத்தைப் பார்த்தால் அது ஒட்டி எத்தனை நாள் என்று தெரியும். அதைச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தபோது, பண்ணையருகே தொற்றின் அழுத்தம் இயல்பைவிட 73 மடங்கு. பாதிப்பு 30 கிலோமீட்டர் தூரம். இது 2005-ல் வெளிவந்தது.

2007-ல் இன்னொரு கணக்கு. பேன் தொல்லை இப்படியே நீடித்தால், நான்கு தலைமுறையில் அங்குள்ள பிங்க் சால்மன் 99 சதவீதம் குறையும் என்றார்கள். அந்த மீனுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. அதாவது எட்டே வருடம்!

சர்ச்சை எழுந்தது. பண்ணைகளின் கணக்கேடுகளைப் பார்த்த வேறு அறிஞர்கள், மீன் குறைந்ததற்குப் பேன் காரணமல்ல என்று 2010-ல் எழுதினார்கள். மறு ஆண்டே, அதே ஏடுகளைக் கொண்டு, தொடர்பு உண்டு என்று கிர்கோசெக் தரப்பு பதில் சொன்னது.

இதற்கிடையே, பண்ணைகளில் தீவனத்தோடு மருந்து கொடுக்கும் மாதம் மாறியிருந்தது. குஞ்சுகள் கடலுக்கு வருமுன், குளிர்காலத்திலேயே கொடுத்தார்கள். பேன் குறைந்தது, மீனின் சரிவும் நின்றது என்று 2013-ல் ஓர் ஆய்வு சொன்னது.

அப்படியானால் 99 சதவீதம் என்றது பொய்யா? அலுவலகத்தில், ‘இப்படியே போனால் மார்ச்சுக்குள் காகித இருப்பு தீர்ந்துவிடும்’ என்று நான் கோப்பில் குறிப்பு எழுதியதுண்டு. பிப்ரவரியில் காகிதம் வந்துவிட்டால் இருப்பு தீராது. அதனால் என் குறிப்பு தப்பென்று எந்த மேலதிகாரியும் சொன்னதில்லை. ‘இப்படியே போனால்’ என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.