பொருத்து வீட்டுக்கு பிளான் பாஸ்

வத்தலக்குண்டைத் தாண்டி சேவுகம்பட்டி பக்கம் திரும்பினால் தென்னந்தோப்புகளைச் சுற்றி ரெடிமேட் காம்பவுண்டு சுவர்களைப் பார்க்கலாம். எட்டடிக்கு ஒரு கான்கிரீட் தூணை நட்டு, அதன் இரு பக்கக் காடியிலும் சிலாப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிவிட்டால் சுவர் எழும்பிவிடும். செங்கலும் வேண்டாம், பூச்சும் வேண்டாம், கொத்தனாருக்கும் அதிக வேலையில்லை. கையில் காசும் கொஞ்சம் ஆசையும் உள்ள தோப்புக்காரர்கள் இப்போது அடுத்த படிக்கு ஏறுகிறார்கள். இரும்புச் சட்டம், நடுவில் பஞ்சு அடைத்த தகடு, கதவு, ஜன்னல், ஒயரிங் எல்லாம் எண் போட்ட துண்டுகளாக லாரியில் வரும். கிரேன் தூக்கிவைக்க, போல்ட் முறுக்கினால் வீடு தயார். யாழ்ப்பாணத்தில் இதற்குப் பொருத்து வீடு என்று அழகான பெயர் இருக்கிறது.

வீட்டைப் பொருத்துவது சில நாள் வேலை. அதற்கு அனுமதி வாங்கும் வரலாறு நூறு ஆண்டுகளைத் தாண்டுகிறது. அதைப் புரட்டிப் பார்த்தால், வீடு எதனால் ஆனது என்பதைவிட அது எந்த மண்ணில் நிற்கிறது என்பதே சர்க்காரின் முதல் கேள்வியாக இருந்து வந்திருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன் ஊருக்குள் வீடு கட்ட எழுத்துப்பூர்வமான அனுமதி என்று ஒன்று இருக்கவில்லை. நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இடம் இருந்தால் கட்டிக்கொள்ளலாம். எந்தத் தெருவில் யார் கட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு மேல்முறையீடு கிடையாது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஒருவர் வீட்டுமனையாகவோ புழக்கடையாகவோ சொந்தமாக வைத்திருக்கும் இடத்தை அரசு நிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்தது. நத்தத்தில் குடியிருப்பவருக்கு அது பெரிய பலம். ஆனால் கையில் காகிதம் இல்லாத பலம். அந்தக் காகிதம் வர, 1980களுக்குப் பிறகு நடந்த நத்தம் நிலவரித் திட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபம் கேட்ட பிறகு தூய பட்டா. இன்றும் பழைய தெருவில் வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர் பேரூராட்சி அலுவலகத்தில் முதலில் நீட்டும் தாள் இந்தத் தூய பட்டாதான்.

வீடு துண்டு துண்டாக ஊருக்குள் வருவது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1914இல் மலைச்சாலை திறக்கும் வரை மேலே போன பொருள்கள் சமவெளியை மாட்டுவண்டியில் கடந்து, அடிவாரத்திலிருந்து ஆட்களின் தலையிலும் தோளிலும் ஏறின. அந்தக் கூலியாட்களின் பெயர் எந்த பங்களாவின் கல்வெட்டிலும் இல்லை. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் ஓடும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஒரே அளவு, ஒரே கொக்கி, எங்கே வாங்கினாலும் ஒன்றோடொன்று கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். தஞ்சாவூர் ஓடானாலும் திண்டுக்கல் ஓடானாலும் நாட்டு ஓட்டுக்கு இல்லாத சௌகரியம் அது. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை தபால் பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 70,000 வீடுகளை ரயில் பெட்டியில் அனுப்பிவைத்தது. நம்மூரில் முழு வீடு அப்படி வரவில்லை. கூரை மட்டும் வந்தது.

கட்டட அனுமதிக்கான விரிவான சட்டங்கள் 1920இல் வந்தன. அந்த ஆண்டில் மட்டும் சென்னை மாகாணத்துக்கு மாவட்ட நகராட்சிகள் சட்டம், உள்ளாட்சி வாரியச் சட்டம், நகரமைப்புச் சட்டம் மூன்றும் கிடைத்தன. மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும், ஆனால் பொறுமைக்குப் பலன் உண்டு. கட்டடத்துக்கு மனு எப்படிப் போடுவது, மனை வரைபடம் எப்படி இருக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்றெல்லாம் அது விலாவாரியாகச் சொன்னது. அதிகாரி குறித்த காலத்தில் வாயைத் திறக்காவிட்டால் மனுதாரர் நகர்மன்றத்துக்கு எழுதலாம். மன்றமும் ஒரு மாதம் மௌனமாக இருந்தால் அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். இவ்வளவு தாராளமான பிரிவு இருக்கிறது என்று தெரிந்து மனுப் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

2023 வரை நடப்பிலிருந்த அந்தச் சட்டத்தில் குடிசைக்குத் தனி இலக்கணம் இருந்தது. மரம், மண், இலை, புல், கீற்று ஆகியவற்றை முக்கியமாகக் கொண்டு கட்டியது குடிசை. எந்த அளவில் இருந்தாலும் தற்காலிகக் கட்டுமானமும் அதில் அடங்கியது. குடிசைக்கும் வீட்டுக்கும் விதிகள் வேறு வேறு. தீப்பிடிக்கும் பொருளால் கூரையோ பந்தலோ போடுவதற்குத் தனிக் கட்டுப்பாடு. வெயில் காலத்தில் ஒரு பொறி பட்டால் தெருவே எரியும் என்பதால் வந்த விதி அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இலக்கணத்தை வரிக்கு வரி பிடித்தால், லட்சக்கணக்கில் கொட்டி இறக்குமதி மரத்தில் பொருத்திய வீடும் குடிசைதான். கழற்றி வேறிடத்தில் மாட்டலாம் என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் குணமே, அந்தச் சட்டத்தின் கண்ணில் அதைத் தற்காலிகமாக்கிவிடும்.

சேவுகம்பட்டி போன்ற சிற்றூர்களை இந்த நகராட்சிச் சட்டம் உடனே தொடவில்லை. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் ஊர்களைக் கிராமப் பஞ்சாயத்து, நகரப் பஞ்சாயத்து என்று பிரித்தது. 1981இல் பேரூராட்சிகளுக்குத் தனி இயக்ககம் வந்தது. 1994இல் அவை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2004இல் மாநிலத்தின் பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சி என்று மாற்றினார்கள். ஆட்சி மாறியதும் 2006இல் பழையபடி பேரூராட்சி ஆக்கினார்கள். பெயர்ப் பலகை எழுதியவருக்கு மட்டும் இரட்டை வருமானம். பிளான் போட்டவருக்கு, எந்தச் சட்டத்தின் எந்த விதிப்படி என்பதில் குழப்பம்.

அனுமதியின் மதிப்பை இந்த மாவட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது கொடைக்கானல். 1899இல் நகராட்சியான மலை நகரம் அது. அங்கே ‘பிளெசன்ட் ஸ்டே’ ஓட்டல் விதியை மீறிக் கூடுதல் மாடிகள் எழுப்பியதும், 1994இல் ஜெயலலிதா அரசு விதித்தளர்வு கொடுத்ததும், பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனதும் தெரிந்த கதை. 1995இல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கூடுதல் மாடிகள் தப்பவில்லை. 2000 பிப்ரவரி 2ஆம் தேதி கீழ்நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனைத் தீர்ப்பு வந்த அன்று தருமபுரியில் பேருந்துக்குத் தீ வைத்ததில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரோடு எரிந்தார்கள். ஒரு பிளான் அப்ரூவல் விவகாரம் தமிழ்நாட்டில் எங்கே போய் நின்றது என்று யோசித்தால் இன்றும் நெஞ்சு பதறும்.

சமவெளியில் சிக்கல் மாடியில் இல்லை, மனையில் இருந்தது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டும், வயலைக் கூறுபோட்டு, கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்து விற்பது நிற்கவில்லை. பத்திரப்பதிவு அலுவலகம் பதிந்து தந்துவிடும்; வாங்கியவர் பிளானோடு போகும்போதுதான் மனைக்கே அங்கீகாரம் இல்லை என்பது தெரியும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பதிவு அலுவலக வாசல்கள் வெறிச்சோடின. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குப் பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி பிறந்தது.

பொருத்து வீட்டை அரசாங்கமே செய்து பார்த்த கதையும் உண்டு. பிரிவினை அகதிகளுக்காக 1948இல் டெல்லியில் வீட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பெர்லினில் பிறந்து மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர்தான் அப்போது மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநர். நேருவுக்கு அந்தத் திட்டத்தில் பெரிய நம்பிக்கை. ஆனால் பலகைகளில் விரிசல் கண்டது, நாடாளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி, திட்டம் படுத்துவிட்டது. அந்த ஆலை பின்னாளில் ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் என்ற பெயரில் தொடர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகளை ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு கட்டித்தர இலங்கை அரசு 2015-16இல் முனைந்தது. ஒரு வீட்டுக்குச் சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்காரர்கள் கையில் தலா 5.5 லட்சம் கொடுத்து அவர்களையே கல்வீடு கட்டவைத்த அனுபவம் கண்முன் இருந்தது. வெக்கையில் இரும்புக்குள் எப்படி இருப்பது, புகைபோக்கி வைத்த அடுப்படி எங்கே, பிள்ளைக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா, உள்ளூர் மேசனுக்கு என்ன வேலை என்று கேள்விகள் கிளம்பின. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் பொறியியல் அறிஞர்களும் எதிர்த்தார்கள். அந்த அளவில் திட்டம் நடக்கவில்லை. வாசலில் நிற்கப் போகிறவரைக் கேட்காமல் வீட்டை வடிவமைத்தால் இப்படித்தான் ஆகும்.

பொருத்துக் கட்டுமானம் என்றாலே தோல்வி என்பதும் சரியல்ல. சென்னை ஐஐடி வளாகத்தில் ஜிப்சம் பலகைகளால் ஒரு மாதத்தில் எழுந்த இரண்டு தளக் கட்டடம் 2013இலேயே வந்துவிட்டது. சென்னைப் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் கட்டிய 1,152 குடியிருப்புகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் முன்தயாரிப்புக் கட்டுமானத்துக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. புதிய பொருள்களைச் சோதித்துச் சான்று தர 1990இல் தொடங்கிய பி.எம்.டி.பி.சி. என்ற மத்திய அமைப்பு உண்டு. பொருத்து வீடு வாங்குபவர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சான்றைத்தான். சுவரின் நிறத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு விதிகளும் இளகியிருக்கின்றன. 2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து, மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்றிருந்த பழைய கட்டுகளை ஒன்றாக்கின. 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறை தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ கட்டுபவர், ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. முன்கூட்டி வந்து யாரும் மனையை அளக்கப் போவதில்லை. கூர்ந்தாய்வுக் கட்டணமும் இல்லை. பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செயல் அலுவலர் சீட்டில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்த தலைமுறைக்கு இது நம்ப முடியாத மாற்றம்.

இந்த இணையதளமும் கேட்பது பட்டா, பத்திரம், அங்கீகரித்த மனை, சுற்றி விட வேண்டிய இடைவெளி. சுவர் செங்கல்லா, தகடா என்பது பின்வரிசைக் கேள்வி. ஊர்க்காரர்களுக்கு இன்னொரு அனுமதியும் உண்டு: மனையடி சாஸ்திரம். கப்பல் கன்டெய்னரை வீடாக்குபவர் அகலம் எட்டடி, நல்ல அளவு என்று மகிழ்ந்துபோவார். மனையடியில் பார்ப்பது உள்கூட்டு அளவு. கன்டெய்னரின் உள் அகலம் 7 அடி 8 அங்குலம்தான். ஏழுக்கும் எட்டுக்கும் இடையே மாட்டிக்கொண்டதைச் சரிசெய்ய ஐஎஸ்ஓ தரத்தில் வழியில்லை.

தோப்புக்காரரின் நிலைமை இதைவிடச் சங்கடம். வாழைப்பழம் சூறைவிடும் அழகர் கோயில் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் தங்கவைக்கத் தோப்பில் ஒரு வீடு என்பது அவர் கனவு. நிலமோ பதிவேட்டில் புஞ்சை அல்லது நஞ்சை. சுயசான்று அங்கே செல்லாது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையிடம் போக வேண்டும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். வேளாண் துறைக் கருத்து, தாசில்தார் அறிக்கை, புல வரைபடம் என்று கோப்பு நகரும் வரை, கிரேனுக்கு முன்பணம் கொடுக்காமல் இருப்பவர்தான் விவரமான தோப்புக்காரர்.