அருகிய நூலும் பெருகிய விலையும்

கலைப்பீட மாணவர் எவரும் தமது மூன்றாம் வருடம் முடிவதற்குள் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் நிலை ஒன்றுண்டு. விரிவுரையாளர் ஒரு நூலைக் குறிப்பிடுவார். நூலகப் பட்டியலில் அதன் பெயர் இருக்கும். தட்டில் நூல் இராது. அதனை வெளியிட்ட பதிப்பகம் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்திருக்கும். ஈற்றில், பழைய நூல் விற்பவர் ஒருவரிடம் ஒரு பிரதி உண்டெனத் தகவல் கிடைக்கும். நூலின் பின்னட்டையில் ‘விலை ரூபா 5’ என்றிருக்க, அவர் கேட்கும் விலையோ மாணவரின் ஒரு மாத உதவுபணத்தை முழுதாக விழுங்கக்கூடியதாக இருக்கும். இதற்குச் சினங்கொள்ளாதார் அரியர். ஆயின் அச்சினம் பெரும்பாலும் விற்பவர் மீதே பாய்கின்றது. அது பாய வேண்டிய இடம் அதுதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்க விழைகின்றது இக்கட்டுரை.

விலை நூலின் தகுதியைக் காட்டுகின்றது என்ற எண்ணத்தை முதலிற் களைதல் வேண்டும். 1812 யூன் 17 இல் இலண்டனில், காலஞ்சென்ற றொக்ஸ்பேர்க் கோமகனின் நூற்றொகுதி ஏலத்தில் விடப்பட்டபோது, 1471 இல் அச்சான பொக்காச்சியோவின் ‘டெக்கமரன்’ பிரதியொன்றுக்கு இரு பிரபுக்கள் போட்டியிட்டனர். பிளான்ட்போர்ட் பிரபு 2,260 பவுணுக்கு அதனைப் பெற்றார். ஸ்பென்சர் பிரபு தோற்றார். ஏழாண்டுகள் கழிந்தன. பிளான்ட்போர்ட் கடனில் வீழ்ந்தார். 1819 இல் அதே பிரதி மீண்டும் ஏலத்துக்கு வந்தது. இம்முறை 918 பவுணுக்கே அது விலைபோயிற்று. போய்ச் சேர்ந்த இடம், முன்னர் தோற்ற அதே ஸ்பென்சரின் கை. இடைப்பட்ட காலத்தில் அந்நூலில் ஓர் எழுத்தும் குறையவில்லை. குறைந்தது போட்டி ஒன்றே. அவ்வேலத்தை நினைவுகூர்ந்து தோன்றிய றொக்ஸ்பேர்க் கழகத்தினர் அரிய நூல்களை மீள அச்சிட்டனர் என்பது உண்மையே. ஆயின் தம் உறுப்பினர் தொகைக்கேற்ற சில பிரதிகளையே அச்சிட்டனர். அருமையைப் போக்க அன்று, அருமையைப் பங்கிட்டுக்கொள்ளவே அவர்கள் அச்சினைப் பயன்படுத்தினர் எனலாம்.

பிரபுக்களின் போட்டியாவது மனிதர் போட்டி. நமது நூற்றாண்டில் அதுவும் தேவையற்றுப் போயிற்று. ஈயின் கருவளர்ச்சி பற்றிப் பீற்றர் லோறன்ஸ் 1992 இல் எழுதிய ஆங்கில நூலொன்று மறுபதிப்பின்றி இருந்தது. 2011 ஏப்ரலில் அமேசன் இணையத்தளத்தில் அதன் புதுப்பிரதி ஒன்றுக்கு 2 கோடியே 36 இலட்சத்து 98 ஆயிரத்து 655 டொலர் 93 சதம் என விலை குறிக்கப்பட்டது. விற்பவர் இருவர். ஒருவரின் கணினி மற்றவர் விலையினும் மயிரிழை குறைவாகத் தன் விலையை அமைத்தது. மற்றவரின் கணினி அதனை ஏறத்தாழ 1.27 ஆற் பெருக்கியது. நாள்தோறும் இவ்வாறே ஏறிற்று. இதனைக் கண்டறிந்து வெளியிட்ட உயிரியலாளர் மைக்கல் ஐசன், கூடிய விலை குறித்தவரிடம் நூலே இருந்திராது, வாங்குவோர் வந்தாற் குறைந்த விலைக்காரரிடம் பெற்றுக் கொடுப்பதே அவர் எண்ணமாயிருக்கும் என ஊகித்தார். வேடிக்கை யாதெனில், அதே வேளையில் அந்நூலின் பழைய பிரதிகள் 35 டொலரளவிற் கிடைத்துக்கொண்டிருந்தன. இன்று எமது நூல்களுக்கு இணையத்திற் குறிக்கப்படும் விலைகளை ‘சந்தை விலை’ என நம்பித் தலைகுனிவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

அவ்வாறாயின் அருமையை உண்டாக்குபவர் யாவர்? பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நூல் வணிகம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது. 1710 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நூல்களுக்கு 14 வருட உரிமையும், ஆசிரியர் உயிருடனிருப்பின் மேலும் 14 வருடமும், ஏலவே அச்சிடப்பட்டவற்றுக்கு 21 வருடமும் வழங்கியது. இலண்டன் வணிகரோ, சட்டம் எவ்வாறாயினும் தமது உரிமை என்றும் அழியாதது என வாதித்தனர். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாந்தர் டொனால்ட்சன் என்பார் உரிமைக்காலம் கழிந்த நூல்களை மலிவாக அச்சிட்டு இலண்டனிலேயே கடை விரித்தார். ஜேம்ஸ் தொம்சனின் ‘பருவங்கள்’ என்ற கவிதைநூல் தொடர்பான வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1774 இல் அச்சபை நிரந்தர உரிமை என ஒன்றில்லை எனத் தீர்த்தது. மூன்றாண்டுகளில் ஜோன் பெல் ஆங்கிலக் கவிஞர் வரிசையைத் தொடங்கினார். 109 சிறு தொகுதிகள், ஒன்று ஒன்றரைச் சிலிங். அதுவரை செல்வர் வீட்டுக்கே உரியனவாயிருந்த கவிஞர்கள் கைத்தொழிலாளர் வீட்டை அடைந்தனர்.

அக்கால வணிகரிடையே நிலவிய மற்றொரு வழக்கத்தை ஜேம்ஸ் லக்கிங்டன் தம் நினைவுக்குறிப்பிற் கூறியுள்ளார். விற்காது தேங்கிய நூல்களை வாங்கும் வணிகர், அவற்றிற் பாதியை அல்லது முக்காற் பங்கை அழித்துவிட்டு, எஞ்சியதை முழு விலைக்கோ அதனை அண்டிய விலைக்கோ விற்பர். தொடக்கத்தில் இம்முறையைத் தாமும் பின்பற்றிய லக்கிங்டன் பின்னர் அதனைக் கைவிட்டு, எல்லாப் பிரதிகளையும் மலிவாக விற்றே பெருஞ்செல்வரானார். நூலை எரித்தால் விலை ஏறும் என்பது அன்றே வணிகர் அறிந்த கணக்கு.

நம் நாட்டிலோ எரித்தவர் வணிகரல்லர். அதனைக் கூறுமுன் நமது நூல்களின் வழிமுறையைச் சற்று நோக்குவோம். ஏட்டுக் காலத்தில் ‘பதிப்பு தீர்ந்தது’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஏடு செல்லரிக்கும், ஆகவே தலைமுறைதோறும் படியெடுத்தாலன்றி நூல் நிலையாது. இடர் வேறிடத்திலிருந்தது: ஏட்டை வைத்திருந்தோர் பிறருக்குக் காட்ட மறுத்தனர். ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதும், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றை ஏடு தேடி அச்சேற்றியதும் இப்பூட்டினை உடைத்த செயல்களாம். ஆயினும் அச்சேறிய நூலும் மீள அச்சிடப்படாவிடின் ஏட்டின் நிலைக்கே திரும்பும். தாமோதரம்பிள்ளையின் அம்முதற்பதிப்புகளே இன்று ஏடுகளைப் போலத் தேடப்படுகின்றன. விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947 இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1974 இலேயே வந்தது. இருபத்தேழு ஆண்டுகள்! ஒரு தலைமுறை மாணவர் அந்நூலின் பெயரை மட்டுமே படித்துப் பட்டம் பெற்றிருப்பர்.

ஈழத்து நூல்கள் பெரும்பாலானவற்றின் நிலை இதனினும் நலிந்தது. ஆசிரியரே பதிப்பாளர், ஆயிரம் பிரதி, சில வேளை ஐந்நூறு, வெளியீட்டு விழாவிற் சில நூறு விற்கும், எஞ்சியவை வீட்டு அறையில் அடுக்கப்பட்டிருக்கும். மறுபதிப்புக்குப் பணமில்லை. இத்தகைய நூல்கள் ஒருங்கே தங்கியிருந்த இடங்களுள் தலையாயது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 நள்ளிரவை அடுத்து அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அழிவின் கொடுமை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். இங்கு கூற வேண்டியது அதன் பொருளாதார விளைவை. பொது நூலகத்துப் பிரதி அழிந்ததும் தனியார் வீட்டுப் பிரதியே ஒரே பிரதி ஆயிற்று. பின்னர் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விற் கைவிடப்பட்ட வீடுகளில் அதுவும் மழைக்கும் கறையானுக்கும் இரையாயிற்று. எஞ்சியது அருமை, அருமையைப் பின்தொடர்ந்தது விலை.

இவ்விடத்தில் பழைய நூல் விற்பவருக்காக ஒரு வார்த்தை கூறாமல் அமைதல் நீதியன்று. முதியவர் ஒருவர் மறைகின்றார்; பிள்ளைகள் கனடாவில்; வீடு விற்கப்படுகின்றது. அலுமாரியிலுள்ள நூல்கள் பழைய கடதாசியாக நிறுத்து விற்கப்பட்டுக் கடலைச் சுருளாகும். அவ்வேளையில் இடையிற் புகுந்து நூலை மீட்பவர், அதற்கு விலையுண்டு என்பதை அறிந்த வணிகரே. எவரும் விலை கொடாத நூலை எவரும் காப்பதில்லை. அவர் கேட்கும் தொகை மிகையெனினும், அம்மிகையை அவருக்கு ஈந்தது மறுபதிப்புச் செய்யாத நாமேயன்றி வேறெவருமல்லர் என்பது என் துணிபு.

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இதனை நன்கு உணர்த்தியது. அதில் ஒரு நூல் ஏற்றப்பட்டதும் அதனைப் படிப்பதற்கான விலை இல்லாதொழிகின்றது. முதற்பதிப்பை அலுமாரியில் வைக்க விரும்புவோர் தாம் விரும்பிய விலை கொடுக்கட்டும். மாணவருக்கு அதனால் நட்டமில்லை. காகிதமும் வாசகமும் வெவ்வேறு பொருள்களாகி விட்டன.

எனினும் ஒரு தடையுண்டு. 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நிலைக்கும். 1947 இல் மறைந்த விபுலாநந்தருக்கும் சுவாமி ஞானப்பிரகாசருக்கும் அக்காலம் கழிந்துவிட்டது. 1968 இல் மறைந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளைக்கு 2038 வரையும், 1980 இல் மறைந்த தனிநாயகம் அடிகளுக்கு 2050 வரையும் அது உண்டு. இத்தகைய பெரியோரின் உரித்தாளரைத் தேடிக் காணலாம். பெயர் மறக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோர் பற்றியே கவலை. அதே சட்டம், இலாப நோக்கற்ற நூலகமொன்று அழிந்த அல்லது இழந்த பிரதிக்குப் பதிலாக, நியாயமான நிபந்தனைகளிற் பிரதி பெற இயலாதவிடத்து, ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கின்றது. மிகை விலை நியாயமான நிபந்தனை ஆகுமா? எமது பல்கலைக்கழக நூலகங்கள் இக்கேள்வியை எழுப்பித் தமது இழந்த நூற்பட்டியலுடன் செயலில் இறங்கலாம். ஆயின் அது ஒரு பிரதியே, மறுபதிப்பு அன்று.

மறுபதிப்புக்கு அனுமதி வேண்டும். அக்காலத்து ஈழத்து நூலொன்றின் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்த்தால், ‘உரிமை ஆசிரியருக்கே’ என்றும், அதன்கீழ் அவரது வீட்டு முகவரியும் காணப்படும். அம்முகவரி பல நூல்களில் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. அங்குள்ளோர் 1990 இல் இடம்பெயர்ந்தனர். காணிகளிற் பல இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிக் கிடந்தன. விடுவிக்கப்பட்டபோது திரும்பிய பலர் கண்டது அத்திவாரத்தை மட்டுமே. அனுமதி கோரும் கடிதத்தை நாம் எழுதலாம். அதனை எந்தப் படலையிற் கொண்டுபோய்க் கொடுப்பதென்று தபாற்காரருக்குத் தெரியாது.