சொல்லைக் காத்தவர்கள் பெயரைக் காத்தார்களா? இணையச் சேவைகளின் தொடக்கக் கதை

'இணையப் பாதுகாப்பு' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் நம் பிள்ளைகள் நேராக முகநூலுக்கும் புலனத்துக்கும் போய்விடுகிறார்கள். தகாத வார்த்தையை நீக்கும் வேலையும் நம் பெயர், தொலைபேசி எண்ணைப் பூட்டி வைக்கும் வேலையும் இன்று ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அது எப்படி அந்தக் கைக்குப் போனது? அதற்கு 1990களின் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பூட்டி, மாதச் சந்தா கட்டித்தான் ஒரு நிறுவனத்தின் சேவைக்குள் நுழைய முடியும். கம்ப்யூசர்வ், புரோடிஜி, அமெரிக்கா ஆன்லைன் (சுருக்கமாக ஏஓஎல்) ஆகிய மூன்றும் அங்கே பெரிய பெயர்கள். உள்ளே மின் அறிவிப்புப் பலகைகள் இருக்கும். சந்தாதாரர் எதையாவது எழுதி ஒட்டுவார், மற்றவர்கள் படிப்பார்கள். ஐபிஎம்மும் சியர்ஸ் கடைக்காரர்களும் சேர்ந்து நடத்திய புரோடிஜி, தன்னைக் 'குடும்பச் சேவை' என்று சொல்லிக்கொண்டது. கெட்ட வார்த்தையைத் தடுக்க மென்பொருள் வைத்தது, பலகைக்குப் பலகை மேற்பார்வையாளர் வைத்தது. கம்ப்யூசர்வ் அப்படியெல்லாம் மெனக்கெடவில்லை.

இப்போது வழக்குகளைப் பாருங்கள். 1991இல் கம்ப்யூசர்வில் வெளியான ஒரு செய்திமடல் அவதூறு செய்தது என்று ஒருவர் நீதிமன்றம் போனார். நீதிபதி, "கம்ப்யூசர்வ் ஒரு புத்தகக் கடை மாதிரி. கடைக்காரர் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்துவிட்டா விற்கிறார்?" என்ற பொருளில் தீர்ப்புச் சொல்லி, நிறுவனத்தை விட்டுவிட்டார். 1994 அக்டோபரில் புரோடிஜியின் 'மணி டாக்' பலகையில், ஸ்ட்ராட்டன் ஓக்மோண்ட் என்ற பங்கு நிறுவனம் மோசடி செய்கிறது என்று பெயர் தெரியாத ஒருவர் எழுதினார். அந்த நிறுவனம் 200 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1995இல் நியூயார்க் நீதிமன்றம் புரோடிஜிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம்தான் வேடிக்கை. நீங்கள் விதி வைத்தீர்கள், கெட்ட வார்த்தையை வடிகட்டினீர்கள், ஆகவே நீங்கள் பத்திரிகை ஆசிரியர் மாதிரி, எழுதியதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு! அன்றைக்குப் புரோடிஜியில் ஒரு நாளைக்கு 60,000 செய்திகள் வந்துகொண்டிருந்தன. அத்தனையையும் யார் உட்கார்ந்து படிப்பது?

வாசலைக் கூட்டினவருக்கு அபராதம், கூட்டாமல் விட்டவருக்கு விடுதலை. அவ்வளவுதான் விஷயம். (அந்தப் பங்கு நிறுவனம் பிறகு தொழிலிலிருந்தே வெளியேற்றப்பட்டது, அதன் நிறுவனர் ஜோர்டன் பெல்ஃபோர்ட் சிறைக்குப் போனார். 2013இல் வந்த 'தி வூல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படம் அவர் கதைதான். மாணவர்களுக்கு ஏற்ற படமல்ல, சொல்லிவிட்டேன்.)

இந்தத் தீர்ப்பு கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களை உறுத்தியது. ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. இருவரும் சேர்ந்து எழுதிய விதிதான் 1996 பிப்ரவரி 8இல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தில் 230ஆம் பிரிவாக நுழைந்தது. அது இரண்டு விஷயம் சொல்கிறது. பிறர் எழுதியதற்குச் சேவை நிறுவனத்தைப் பதிப்பாளராகக் கருதக்கூடாது. நல்லெண்ணத்தோடு தகாததை நீக்கினால் அதற்காகவும் அதன்மேல் வழக்குப் போட முடியாது. அதே சட்டத்தில், சிறுவர் கண்ணில் படும்படி ஆபாசமானதை இணையத்தில் போடுவதைக் குற்றமாக்கிய பகுதியை 1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 230 மட்டும் தப்பிப் பிழைத்தது. அதாவது, அரசாங்கம் செய்யக்கூடாது என்று சொன்ன காவல் வேலையை நிறுவனம் தன் விருப்பப்படி செய்யலாம் என்றாகிவிட்டது.

நம் நாட்டில் நிலைமை இப்படி இல்லை என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளம் நீதிமன்றத்தை அவமதித்ததாகக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து, 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. பிறர் எழுதிய சொல்லுக்குத் தளத்தை நடத்துபவரே பொறுப்பு என்ற அதே பழைய கேள்வி, இங்கே வேறு பதிலோடு வந்து நின்றது.

ஏஓஎல் எப்படிக் காவல் காத்தது? பட்டியல் போட்டு. 1995 கடைசியில் 'மார்பகம்' என்பதற்கான ஆங்கிலச் சொல் தகாத சொல் என்று உறுப்பினர் விவரங்களில் தடை செய்யப்பட்டது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் கொதித்துப்போனார்கள், அவர்கள் தங்கள் நோயின் பெயரையே எழுத முடியவில்லை. நிறுவனம் இறங்கி வந்தது. சில மாதங்களில் இன்னொரு கூத்து. இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்று ஓர் ஊர். அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டாம் எழுத்து முதல் ஐந்தாம் எழுத்துவரை தற்செயலாக ஒரு கொச்சை வார்த்தை அமைந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் கணக்குத் திறக்கப் போனால் வடிகட்டி மறுத்தது. ஏஓஎல் கண்ட தீர்வு என்ன தெரியுமா? வடிகட்டியைத் திருத்துவதற்குப் பதில், ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி 'ஸ்கான்தோர்ப்' ஆக்கிவிட்டது! கணினித் துறையில் இன்றும் இதற்கு 'ஸ்கன்தோர்ப் சிக்கல்' என்றே பெயர்.

தமிழாசிரியர்களுக்கு இது சட்டென்று புரியும். 'மயிர்' என்ற சொல் திருக்குறளில் மானம் அதிகாரத்தில் இருக்கிறது, தெருச் சண்டையிலும் இருக்கிறது. பட்டியல் வைத்துப் பார்க்கும் இயந்திரம் இரண்டையும் ஒரே தடியால்தான் அடிக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்து வரும் இரண்டும் அப்படியல்ல.

1995 ஏப்ரல் 19இல் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் இறந்தார்கள். ஆறே நாளில், அந்தச் சாவைக் கேலி செய்யும் வாசகம் பொறித்த டி-சட்டை விற்பனைக்கு என்று ஏஓஎல் பலகையில் யாரோ ஒட்டினார். வாங்க விரும்புவோர் அழைக்க என்று போட்டிருந்தது, சியாட்டலில் இருந்த ஒரு மனிதரின் வீட்டு எண். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வசை, கொலை மிரட்டல் என்று அழைப்பு கொட்டியது. வீட்டிலிருந்தே தொழில் செய்ததால் எண்ணை மாற்றவும் முடியாது. ஏஓஎல்லிடம் சொன்னார். ஓர் அறிவிப்பை எடுத்தார்கள், மறுநாள் வேறொன்று முளைத்தது. மறுப்பு அறிவிப்பு போடுங்கள் என்றார். அது எங்கள் வழக்கமில்லை என்றார்கள். மாதக் கடைசியில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஓர் அழைப்பு. ஓக்லஹோமாவில் ஒரு வானொலி நிலையம் அந்த விளம்பரத்தை உண்மையென நம்பி ஒலிபரப்பியது, அவர் வீட்டுக்குக் காவல் போட வேண்டியதாயிற்று.

அவர் வழக்குப் போட்டார். 1997 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவல் தெரிவித்த பிறகும் நீக்கத் தாமதித்தாலும் 230ஆம் பிரிவு நிறுவனத்தைக் காக்கும் என்று சொல்லிவிட்டது. காக்ஸும் வைடனும் வாசலைக் கூட்டுபவரைக் காக்க நினைத்தார்கள். கூட்டத் தாமதித்தவருக்கும் அதே குடை கிடைத்தது. அந்த விளம்பரத்தை ஒட்டியவர் யார் என்பது கடைசிவரை தெரியவே இல்லை.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு, 1997 செப்டம்பரில், அமெரிக்கக் கடற்படையில் 17 ஆண்டு சேவை செய்த ஒருவர், சக வீரர்களின் பிள்ளைகளுக்குப் பொம்மை சேர்ப்பது பற்றி ஏஓஎல் வழியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் புனைபெயர் இருந்தது. பெற்றவர் அந்தப் புனைபெயரை உறுப்பினர் பட்டியலில் தேடினார். அங்கே அவர் முழுப்பெயர் போடவில்லை. திருமண நிலை என்ற இடத்தில் தன்பாலீர்ப்பாளர் என்று மட்டும் எழுதியிருந்தார். அக்காலக் கடற்படை விதிப்படி அது வெளியில் தெரிந்தால் வேலை போகும். செய்தி மேலிடத்துக்குப் போனது. கடற்படைச் சட்டப் பிரிவு ஊழியர் ஒருவர் ஏஓஎல்லுக்குத் தொலைபேசியில் பேசினார். தான் யார் என்று சொல்லவில்லை, நீதிமன்ற ஆணையும் இல்லை. மறுமுனையில் இருந்தவர் உறுப்பினரின் பெயரைச் சொல்லிவிட்டார்.

கடற்படை அவரை வெளியேற்ற முற்பட்டது. 1998 ஜனவரியில் நீதிபதி ஸ்டேன்லி ஸ்போர்கின் அதைத் தடுத்தார். 1986இன் மின்தொடர்புத் தனியுரிமைச் சட்டம், அரசு இப்படித் தகவல் பெறுவதற்கு முறையான ஆணை வேண்டும் என்கிறது, கடற்படை அதை மீறியிருக்கக்கூடும் என்றார். ஏஓஎல் தன் ஊழியர் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று ஒப்புக்கொண்டு இழப்பீடு கொடுத்தது. அவர் ஓய்வூதியச் சலுகைகளோடு கடற்படையை விட்டு விலகினார். கொலை மிரட்டலைத் தூண்டியவரின் பெயர் யாருக்கும் கிடைக்காமல் போன அதே சேவையில், பொம்மை சேர்க்க எழுதியவரின் பெயர் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது.