கரிசலுக்கு வந்த கோடு

தீப்பெட்டி, பருத்தி, கடலைமிட்டாய் என்று மூன்றே சொல்லில் கோவில்பட்டியை முடித்துவிடுகிறவர்கள் இந்த ஊரின் சித்திரக்காரர்களை மறந்துவிடுகிறார்கள். மயிலாப்பூரில் 1898இல் பிறந்த கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1940களில் கம்பெனி கலைந்தது கோவில்பட்டியில். அவர் இங்கேயே தங்கிவிட்டார், தேவி ஆர்ட் ஸ்டூடியோ பிறந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன் முதலிய சீடர்கள்தான் குடும்பம். அவர்கள் எழுதிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டார்கள்.

அப்படிக் காலண்டர் தொங்கிய வீடுகளுக்குள் 1980களில் வேறொருவரின் படங்கள் நுழைந்தன. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் படம் போட்டவர் கே.எம். ஆதிமூலம். வண்ணம் கிடையாது, வெறும் கருப்பு மை. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கோடுகள் ஓரிடத்தில் நெருங்கும், இன்னோரிடத்தில் விலகும். அந்த நெருக்கத்திலிருந்து ஒரு முகம் எழும்பி வரும். வெயில் காய்ந்த தோலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

ஆதிமூலம் கரிசல்காரர் அல்ல. துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் 1938இல், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்தபோது வழிகாட்டியவர் சிற்பி எஸ். தனபால், ஓவியக் கல்லூரியில் அப்போது முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். வெளியே வந்ததும் சிறுபத்திரிகைக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ‘கசடதபற’ இதழ்க் காலத்து எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு அட்டை போட்டார், தலைப்பெழுத்துகளைத் தூரிகையால் எழுதினார். கொண்டையராஜுவுக்குச் சீடர்கள் எப்படியோ அப்படித்தான் இவருக்கு இந்தக் கூட்டமும். வம்சத்தில் ஓவியம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்த இருவரையும் நாம் பிடிக்க முடியாது.

காந்தி நூற்றாண்டான 1969இல் ஆதிமூலம் காந்தியை விதவிதமாக வரைந்தார். பிறகு மகாராஜாக்கள் வந்தார்கள்: கிரீடமும் நகையும் பட்டுமாக உட்கார்ந்திருக்கும் மன்னர்கள், கோட்டிலேயே இற்றுப்போகிறவர்கள். அதற்கப்புறம் எண்ணெய் வண்ணத்தில் ஆளே இல்லை. கத்தியால் தடிப்பாக இழுத்த நிறங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அவ்வளவுதான். கிராமத்து முகங்களை வரைந்த கை இப்படி உருவத்தைக் கைவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மன்னர்களை உற்றுப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். உருவத்தைக் கழற்றும் வேலை மை தொட்ட காலத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. இதில் வேடிக்கை, ஒன்றைத் தொடங்கியதும் மற்றதை அவர் நிறுத்திவிடவில்லை. அரூப வண்ணங்களைக் கண்காட்சிக்குக் கொடுத்துக்கொண்டே, வாரப் பத்திரிகைக்கு மீசையும் தலைப்பாகையும் வரைந்தார். பத்திரிகைப் படம் இரண்டாம்தரம் என்று நினைத்த ஓவிய உலகத்தில் இதற்குத் துணிச்சல் வேண்டும்.

கொண்டையராஜு 1976இல் மறைந்தார். ஆதிமூலம் 2008 ஜனவரியில்.

அடுத்த வாரம் இடைசெவல். 1923இல் அந்தச் சின்னக் கிராமத்தில் பிறந்து ஒன்றாகத் திரிந்த கி.ரா., கு. அழகிரிசாமி என்ற இரண்டு நண்பர்களைப் பார்ப்போம்.