சிவப்புக்கு அப்பால்: கருந்துளையின் வித்தைத் தேடிய வரலாறு

வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர் 1800ஆம் ஆண்டில் ஞாயிற்றின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே புலப்படாத இடத்தில் வைத்த வெப்பமானியில்தான் சூடு மிகுதியாக ஏறிற்று. அகச்சிவப்புக் கதிரை உலகம் அறிந்தது இவ்வாறே. நம் பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை இது.

பேரண்டம் விரிந்துகொண்டே செல்வதால், நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலை வழியிலேயே நீண்டுவிடுகிறது. ஆதிகால விண்மீன்கள் வீசிய புறஊதா ஒளி நம்மை அடையும்போது அகச்சிவப்பாகிவிடும். ஆகவே, பழைய விண்மீன் மண்டலங்களைத் தேடுவோர் வானின் ஒரு சிறு துண்டை அகச்சிவப்பில் பல மணி நேரம் உற்றுநோக்குதல் வேண்டும். 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரிதும் இதன் பொருட்டே அமைந்தது.

மண்டலங்களின் நடுவே பெருங்கருந்துளைகள் உள்ளன. பேரண்டம் இளமையாயிருந்த காலத்திலேயே அவை எங்ஙனம் அவ்வளவு பருத்தன? மாண்ட விண்மீன் விட்டுச் சென்ற சிறு வித்திலிருந்து வளர்ந்தன எனின், அதற்குக் காலம் போதாது. கோயமுத்தூரில் பிறந்து, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கும் பிரியம்வதா நடராஜன் வேறு விடை தேடினார். பெரும் வளித்திரள் விண்மீனாகாமலே உள்ளொடுங்கி நேரே கருந்துளையாதல் கூடும் என 2006இல் லொடாட்டோ என்பாருடன் சேர்ந்து எழுதினார். அத்தகைய கருந்துளை உடைய மண்டலம் வெப் தொலைநோக்கிக்கு எவ்வாறு தோன்றும் என்பதையும் 2017இல் தம் குழுவினருடன் கணித்து வெளியிட்டார். தொலைநோக்கி அப்போது தரையில் இருந்தது என்பதை நினைவிற்கொள்க.

சான்று 2023இல் வந்தது. ஏபெல் 2744 என்னும் மண்டலத் தொகுதி 350 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நின்று, தன் ஈர்ப்பால் பின்னுள்ளவற்றைப் பெருக்கிக் காட்டும் இயற்கைக் கண்ணாடியாகும். அதன் பின்னே, பேரண்டம் தோன்றி 47 கோடி ஆண்டே ஆன காலத்து மண்டலமாகிய யூ.எச்.இஸட்.1ஐ வெப் அகச்சிவப்பில் கண்டது. அங்கிருந்து எக்ஸ்-கதிர் வருவதை மற்றொரு விண்தொலைநோக்கி இரு வாரத்துக்கும் மேலாக நோக்கி உணர்ந்தது. அதன் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே விண்மீன்களின் இறுதிநிலை பற்றிக் கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. (அக்கணக்கை 1935இல் எடிங்டன் அவையறிய எள்ளினார், நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.)

அக்கருந்துளை ஞாயிற்றைப்போல் 1 கோடி முதல் 10 கோடி மடங்கு எடையுடையது. அம்மண்டலத்து விண்மீன்கள் அனைத்தின் எடைக்கும் ஏறத்தாழ ஒப்பானது. நமக்கு அண்மையிலுள்ள மண்டலங்களிலோ அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. 2017இல் கணித்த தோற்றமும் இதுவே. இரு தமிழர் பெயர்கள் ஒரே செய்தியில் இணைந்ததைச் சிலர் கொண்டாடுவர். காணுமுன்னே கணித்துரைத்ததே பெரிது என்பது என் கருத்து.

எனினும் வழக்கு முடியவில்லை. சிறு வித்தும் அளவுமீறி விரைந்து உண்டால் இவ்வாறு பருக்கலாம் என்பார் உளர். வெப் கண்டுவரும் ‘சிறு சிவப்புப் புள்ளி’களுள் பெரும்பாலானவற்றில் எக்ஸ்-கதிரே தென்படவில்லை, அவற்றின் நடுவே உள்ள கருந்துளைகளின் எடையை எவ்வாறு அளப்பது என்பதிலேயே அறிஞர் மாறுபடுகின்றனர்.