மரபுரிமை மோதல்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு வகுப்பு ஒரே பெயருள்ள மெத்தடை, அதாவது செயல்பாட்டு நிரலை, இரண்டு பெற்றோர் வழியாகப் பெறும்போது, இயங்க வேண்டியது எது என்று எழும் சிக்கல் மரபுரிமை மோதல். இரண்டு பெற்றோருக்கும் மூதாதை ஒன்றேயானால் உறவின் வரைபடம் வைர வடிவச் சாய்சதுரமாக அமையும். அதனால் அந்த வகையை வைரச் சிக்கல் என்றும் சொல்வார்கள்.

நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67இல் ஒரு வகுப்புக்கு ஒரே பெற்றோர், மோதலுக்கு இடமில்லை. 1989இல் வந்த சி++ 2.0 பல பெற்றோரை அனுமதித்தது. பெயர்கள் மோதினால் அதன் கம்பைலர் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. மெத்தடை அழைக்கும் இடத்தில் பிழை காட்டும். லிஸ்ப் குடும்ப மொழிகள் வேறு வழியில் சென்றன. முன்னோர் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முதலில் அகப்படுவதை எடுத்துக்கொண்டன. அந்த வரிசையை முரணின்றி அமைக்க, 1996இல் டிலன் மொழிக்காக சி3 என்ற வழிமுறை முன்வைக்கப்பட்டது. பெற்றோரின் வரிசை பிள்ளையிடம் தலைகீழாகாது என்பதே அதன் வலிமை. 2003இல் பைத்தான் 2.3 அதை ஏற்றது. வரிசை அமையாவிட்டால் பைத்தான் அந்த வகுப்பை உருவாக்கவே மறுத்துவிடும்.

ஜாவா தொடக்கத்தில் மோதலை வாசலிலேயே நிறுத்தியது. வகுப்புக்குப் பெற்றோர் ஒன்று. இடைமுகங்கள் எத்தனையும் இருக்கலாம், ஆனால் அவற்றில் மெத்தடின் அறிவிப்பு மட்டுமே இருக்கும், நிரல் இராது. 2014இல் வந்த ஜாவா 8 இதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பட்டியல் போன்ற இடைமுகங்களில் புதிய மெத்தட்களை வெறும் அறிவிப்பாகச் சேர்த்தால், அந்த இடைமுகங்களை ஏற்கெனவே செயல்படுத்தியிருந்த வகுப்புகளெல்லாம் அடுத்த முறை கம்பைல் ஆகாது. எனவே நிரலோடு கூடிய இயல்புநிலை மெத்தட்கள் இடைமுகத்துக்குள் வந்தன. விலக்கிவைத்த மோதலும் கூடவே வந்தது.

அதற்கான விதிகள் மூன்று. பெற்றோர் வகுப்பில் வரும் மெத்தட் இடைமுகத்தினுடையதை வெல்லும். வகுப்பில் இருப்பது நிரலற்ற வெறும் அறிவிப்பானாலும் அப்படியே. இடைமுகங்களுக்குள் மோதல் என்றால், மற்றதிலிருந்து கிளைத்த இடைமுகம் வெல்லும். அதிலும் தீராவிட்டால் கம்பைலர் பிழை காட்டும். நிரலாளர் அந்த மெத்தடைத் தாமே எழுதி, எந்த இடைமுகத்தினுடையது வேண்டுமென்று குறிப்பிடலாம். இவற்றில் முதல் விதியே மிகச் சிறந்த முடிவு. நூலகம் புதுப்பிக்கப்பட்டாலும், வகுப்பு ஏற்கெனவே வைத்திருந்த மெத்தடின் நடத்தை சத்தமில்லாமல் மாறிவிடாது என்ற உறுதியை அது தருகிறது. ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், டூஸ்ட்ரிங் ஆகியவற்றை இயல்புநிலை மெத்தட்களாக எழுத ஜாவா விடாததும் இந்த விதியையொட்டியே: எல்லா வகுப்பும் ஆப்ஜெக்ட் வகுப்பிடமிருந்து அவற்றைப் பெற்றிருப்பதால், இடைமுகத்தில் எழுதினாலும் அவை ஒருபோதும் இயங்கா.

2019இல் சி# 8 இயல்புநிலை மெத்தட் வசதியைக் கொண்டுவந்தபோது ஒருபடி கூடுதல் எச்சரிக்கை காட்டியது. அங்கே இடைமுகத்தின் மெத்தட் வகுப்பின் உறுப்பாகவே ஆவதில்லை. பொருளை இடைமுக வகையாக வைத்து அழைத்தால்தான் கிடைக்கும்.